அழகும் அரியணையும்: மலய தேசத்துக் கதைகளிலிருந்து பொலன்னறுவை நாணயம் வரை

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வீதியில் இறம்பொடையைக் கடக்கும் யாத்திரிகர்களுக்குப் பழங்காலத்து அரசி என்றால் சீதைதான். அவளை அடுத்து மண்டோதரி. சின்மயா மிஷனின் அனுமன் கோயிலும், நுவரெலியாவுக்கு அப்பாலுள்ள சீத்தாஎலியவும் அந்த நினைப்பை வளர்த்துவருகின்றன. சீதையின் அழகு ஒரு போரையே மூட்டியது. ஆனால் அவளுக்கு எந்த அதிகாரத்தையும் அது தேடித் தரவில்லை.

இதே மலைநாட்டைப் பாளி நூல்கள் ‘மலய’ என்று குறிக்கின்றன. அவற்றில் வரும் அரசியரைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தென்படுகிறது. ஒரு பெண்ணை ஓர் ஆண் அடைவதைச் சொல்லும் இடங்களில் அழகு பேசப்படுகிறது. அவளே ஆளத் தொடங்கியதும் அந்தப் பேச்சு நின்றுவிடுகிறது.

முதலில் குவேனி. பதினாறு வயதுப் பெண்ணாக உருமாறி விஜயனை அவள் மயக்கினாள் என்கிறது மகாவம்சம். ஆனால் விஜயனுக்கு நாட்டைப் பெற்றுத் தந்தது அந்த உருவமன்று. பசித்து வந்தவர்களுக்கு அவள் அரிசி கொடுத்தாள்; திருமண விழாவில் கூடியிருந்த இயக்கரை எப்போது, எப்படித் தாக்கலாம் என்று உளவும் சொன்னாள். முடிசூடும் வேளை வந்ததும் உயர்குலத்து அரசி வேண்டுமென்று மதுரைப் பாண்டியனிடம் பெண் கேட்கப்பட்டது, குவேனி விலக்கப்பட்டாள். அவள் பிள்ளைகள் தப்பி ஓடி மலயத்தில் குடியேறினார்கள் என்று கதை முடிகிறது. அழகு படுக்கை வரை வந்தது, பட்டாபிஷேகத்துக்குக் குலம் கேட்டார்கள்.

அடுத்தவள் சித்தா. கண்டவரைப் பித்தாக்கும் அழகு என்பதால் ‘உன்மாத’ என்ற அடைமொழி அவள் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அவளுடைய மகன் மாமன்மாரைக் கொல்வான் என்று குறி சொல்லப்பட, ஒற்றைத் தூண் மாளிகையில் அவளை அடைத்தார்கள். அங்கே அழகால் ஆனது கொஞ்சம்தான். அன்றே பிறந்த பெண் குழந்தை ஒன்றை வாங்கி, தன் ஆண் குழந்தையை அதன் தாயிடம் மாற்றிக் கொடுத்தாளே, அந்தத் துணிவுதான் பண்டுகாபயனைப் பிழைக்க வைத்தது. இவ்விரு கதைகளையும் வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. கி.பி. 5 ஆம் நூற்றாண்டளவில் மகாவிகாரைத் துறவி ஒருவர் அரசியை எப்படிக் கற்பனை செய்தார் என்பதற்கு அவை நல்ல சான்று.

கி.மு. 1 ஆம் நூற்றாண்டுக்கு வந்தால் தரை கொஞ்சம் உறுதிப்படுகிறது. மாதோட்டத்தில் இறங்கிய ஏழு தமிழர் அனுராதபுரத்தைப் பிடித்தபோது மன்னன் வட்டகாமணி தேரில் தப்பினான். பாரம் குறைய வேண்டுமென்று அரசி சோமாதேவி தேரிலிருந்து இறங்கிக்கொண்டாள். வென்றவர்களில் ஒருவன் அவள் அழகில் மயங்கி அவளைக் கொண்டுசென்று கடல் கடந்தான். இங்கே அழகு கொள்ளைப்பொருள். இன்னொரு அரசி அனுலாதேவி, முன்னிருந்த மன்னன் கல்லாடநாகனின் கைம்பெண். அவளை மணந்ததும் அவள் மகனைத் தன் மகனாக ஏற்றதும் வட்டகாமணியின் அரசுரிமைக்கு வலுச் சேர்த்திருக்க வேண்டும். பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் அரியணை மீண்டதும் அவன் சோமாதேவியை வரவழைத்து, பழைய நிலையில் அமர்த்தி, அவள் பெயரால் சோமாராமம் என்ற விகாரையைக் கட்டினான்.

இனி அனுலா; மேலே சொன்ன அனுலாதேவி வேறு, இவள் வேறு. ஏறத்தாழ கி.மு. 47 முதல் 42 வரையான காலம் அவளுடையது. பல ஆண்களை அடுத்தடுத்து அரியணையில் ஏற்றியவளின் அழகைப் பற்றி மகாவம்சம் பேசுவதில்லை. அவளது காமமும் நஞ்சுமே அங்கு பேச்சு. கணவன் சோரநாகன் பதினெட்டு விகாரைகளை அழித்த பாவி என்று அதே நூல் சபிக்கிறது. அவனுக்கு நஞ்சிட்டவள் என்பதற்காக அனுலாவுக்கு ஒரு நல்ல சொல் கிடைத்ததா என்றால், இல்லை. அவள் ஆட்சியை ஒப்படைத்தவர்களின் பட்டியலில்தான் விஷயம் இருக்கிறது: அரண்மனைக் காவலன் சிவன், நகரத் தச்சனான தமிழன் வடுகன், விறகு சுமந்த தீசன், அரண்மனைப் புரோகிதனான தமிழ்ப் பிராமணன் நீலியன். முதல் இருவரும் தலா 1 ஆண்டு 2 மாதம், மூன்றாமவன் 1 ஆண்டு 1 மாதம், நீலியன் 6 மாதம். பிறகு 4 மாதம் அவளே ஆண்டாள்.

இவர்களில் பெரும்பாலோர் அரண்மனையிலேயே வேலை செய்தவர்கள், அல்லது அதன் வாசலுக்கு வந்துபோகக் கூடியவர்கள். மாகாணத் தலைவனோ படைத்தலைவனோ எவனும் இல்லை. ஆகவே அவள் கையிலிருந்த பலம், யார் உள்ளே வரலாம் என்று தீர்மானிக்கும் பலம் என்றே நான் கருதுகிறேன். அதன் எல்லையும் அதுவே. துறவியாகப் பதுங்கியிருந்த குடகண்ண தீசன் வெளியே படை திரட்டி வந்தபோது அரண்மனைக் கதவுக்கு அப்பால் அவளுக்கு ஆளில்லை. அவன் அவளைக் கொன்று அரசைக் கைப்பற்றினான்.

பன்னிரண்டு நூற்றாண்டுகள் தாண்டிப் பொலன்னறுவையில் லீலாவதி மூன்று முறை ஆட்சியில் அமர்ந்தாள்: 1197–1200, 1209–1210, 1211–1212. இவள் முதலாம் பராக்கிரமபாகுவின் பட்டத்தரசி. அவளது நாணயங்களில் நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜ லீலாவதி’ என்று ஆண்பால் பட்டமே பொறிக்கப்பட்டிருக்கிறது. முதல் முறை அவளை அமர்த்தியவன் தளபதி கித்தி; மூன்றாம் முறை தளபதி பராக்கிரமன். அவர்களுக்குத் தேவைப்பட்டவை அரச இரத்தமும், இறந்துபோன பெருமன்னனின் மனைவி என்ற மதிப்பும். இடையில் 1202 முதல் 1208 வரை நிசங்கமல்லனின் மனைவி கல்யாணவதியும் ஒரு தளபதியின் துணையோடுதான் ஆண்டாள். தளபதி பராக்கிரமன் கேட்டுக்கொண்டபடி தம்மகித்தி தேரர் புத்தரின் புனிதப் பல்லின் வரலாறான தாட்டாவம்சத்தைப் பாளியில் பாடியது லீலாவதியின் கடைசி ஆட்சியில். 1212 இல் பாண்டிய நாட்டிலிருந்து வந்த பராக்கிரம பாண்டியன் அவளை நீக்கி அரசனானான். அவனும் மூன்றாண்டுக்கு மேல் நிலைக்கவில்லை.