மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்: ஒரு வாள்வீச்சுப் படம் பெற்ற ஏமாற்றம்

மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன் என்பது 1978 சனவரி 14 அன்று, பொங்கலையொட்டி வெளிவந்த தமிழ் வரலாற்றுத் திரைப்படம். அகிலனின் 'கயல்விழி' புதினத்தைத் தழுவியது. எம்.ஜி.ஆர். நடித்து இயக்கினார். லதா, பத்மப்ரியா, எம். என். நம்பியார் ஆகியோர் உடன் நடித்தனர். எம். எஸ். விசுவநாதன் இசையமைத்தார். எம்.ஜி.ஆர். கதாநாயகனாக முழுமையாக நடித்து முடித்த கடைசிப் படம் இதுவே. அந்தச் சிறப்பு இருந்தும், அவருடைய முந்தைய வாள்வீச்சுப் படங்கள் பெற்ற வெற்றி இதற்குக் கிடைக்கவில்லை.

கதையின் வரலாற்றுப் பின்னணி

மூன்றாம் குலோத்துங்க சோழன் மதுரையை வென்று, பாண்டியரின் முடிசூட்டு மண்டபத்தை இடித்தான். 1216-இல் அரியணை ஏறிய முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழநாட்டின்மீது படையெடுத்து, தஞ்சையையும் உறையூரையும் எரித்தான். பின்னர் நாட்டைச் சோழனிடமே திருப்பிக் கொடுத்தான். 'சோணாடு வழங்கியருளிய' என்று கல்வெட்டுகள் அவனைக் குறிப்பிடுவது இதனால்தான்.

வாளும் வாக்குறுதியும்

'சந்திரலேகா' (1948) படத்தில் எம். கே. ராதாவும் ரஞ்சனும் மோதும் நீண்ட வாட்போர் இன்றும் பேசப்படுகிறது. 'மர்மயோகி' (1951), 'மதுரை வீரன்' (1956), 'நாடோடி மன்னன்' (1958), பி. ஆர். பந்துலு இயக்கிய 'ஆயிரத்தில் ஒருவன்' (1965) ஆகியவை எம்.ஜி.ஆரை வாளேந்திய நாயகனாக மக்கள் மனத்தில் நிறுத்தின. இப்படங்களில் வாள் வெறும் சண்டைக் கருவியன்று. கொடுங்கோலன் வீழ்வான், ஏழைக்கு நல்லாட்சி வரும் என்ற வாக்குறுதி அது. 'நாடோடி மன்னன்' படத்தில் சாமானியன் ஒருவன் அரியணையில் அமர்ந்து மக்களுக்காகச் சட்டம் இயற்றுகிறான்.

ஏமாற்றத்தின் காரணங்கள்

முதலாவது, காலதாமதம். இப்படத்தைத் தொடங்கிய பந்துலு 1974 அக்டோபரில் காலமானார். இயக்கும் பொறுப்பை எம்.ஜி.ஆரே ஏற்றார். படம் வெளிவந்தபோது இளவரசன் வேடமேற்ற அவருக்கு வயது 61-ஐ நெருங்கியிருந்தது.

இரண்டாவது, அரசியல். 1977 சூன் 30-இல் அவர் முதலமைச்சரானார். திரையில் அவர் மீட்கப் போகும் அரியணை, கோட்டையில் ஏற்கெனவே அவர் வசம் இருந்தது. அவரிடம் மக்கள் இனி கேட்க வேண்டியவை ரேஷன் அரிசியும் குடிநீரும்தான். வாக்குறுதி நிறைவேறிய பிறகு, அதே வாக்குறுதிக்குப் பழைய விசை இருக்குமா?

மூன்றாவது, ரசனை மாற்றம். இதில் எங்கள் பகுதிக்கும் பங்குண்டு. பண்ணைப்புரத்து இளையராஜா 'அன்னக்கிளி' (1976) மூலம் அறிமுகமானார். தேனி அல்லிநகரத்துப் பாரதிராஜா 1977 செப்டம்பரில் '16 வயதினிலே' படத்தைத் தந்தார். போடிநாயக்கனூர், சிலமலை உள்ளிட்ட இந்த ஊர்களெல்லாம் அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தவை. சுந்தரபாண்டியன் திரையில் மதுரையை மீட்பதற்கு நான்கு மாதம் முன்பே, அதே மதுரைச் சீமை மைந்தர்கள் தமிழ்த் திரையை அரண்மனையிலிருந்து வயற்காட்டுக்குக் கொண்டுபோயிருந்தனர்.

சீன வாள்வீச்சுப் படங்களோடு ஓர் ஒப்பீடு

ஆங்காங்கிலும் இதுபோன்ற மாற்றம் நிகழ்ந்தது. புரூஸ் லீயின் 'தி பிக் பாஸ்' (1971) வெற்றிக்குப் பின் வாளின் இடத்தைக் கைச்சண்டை பிடித்தது. கிங் ஹூ பெரும் உழைப்பில் எடுத்த 'எ டச் ஆஃப் சென்' தைவானில் எடுபடவில்லை. ஆனால் 1975 கான் திரைப்பட விழாவில் தொழில்நுட்பத்துக்கான உயர்பரிசு பெற்று, உலகச் செவ்வியல் படங்களின் வரிசையில் சேர்ந்தது. சுந்தரபாண்டியனுக்கு அத்தகைய மறுவாழ்வு வாய்க்கவில்லை.

மதிப்பீடு

வசூலைக் கொண்டு மட்டும் இப்படத்தை அளந்தால் அதன் வரலாற்று மதிப்பு தெரியாது. 'நாடோடி மன்னன்' படத்தையும் இதையும் அடுத்தடுத்துப் பார்க்கும் மாணவருக்கு ஒன்று விளங்கும்: இருபது ஆண்டுகளில் வாள் மாறவில்லை, வீசிய கையும் மாறவில்லை, எதிரே அமர்ந்திருந்த மக்களின் தேவை மாறியிருந்தது.