வாக்குறுதியும் உறுதிக்கூற்றும்: தவணைக்கு முன் சோதித்தலின் வரலாறு

பம்பாய்க் கடைவீதிகளில் இருவகை உண்டியல்கள் புழங்கின. கண்டவுடன் பணம் தர வேண்டியது தர்சனி. குறித்த தவணை முடிந்தபின் தர வேண்டியது முத்ததி. முத்ததி உண்டியலைத் தவணைக்கு முன்பே சரிபார்ப்பவர் தாள் இருப்பதை மட்டுமே அறிவார். பணம் வருமா என்பதை அறியார். ஜாவாஸ்கிரிப்ட் நிரலாளர்கள் உலாவிச் சோதனைகளில் எதிர்கொண்ட சிக்கலும் இத்தகையதே.

கணினியியலில் 'உறுதிக்கூற்று' பழைய சொல். 1947இல் கோல்ட்ஸ்டைனும் வான் நாய்மனும் தம் பாய்வுப் படங்களில் அதற்கெனத் தனிப் பெட்டிகள் வரைந்தனர். 1949இல் டூரிங், பெரிய நிரலொன்றைத் தனித்தனிக் கூற்றுகள் வழியே சரிபார்க்கலாம் எனக் காட்டினார். 'வாக்குறுதி' பிந்தியது. 1976இல் ஃபிரீட்மனும் வைஸும் அச்சொல்லை ஆண்டனர். 1988இல் பார்பரா லிஸ்கோவும் லியூபா ஷ்ரீராவும் அதைப் பரவல் கணினி அமைப்புகளுக்கு உரியதாக வளர்த்தனர். மொழி மெய்யியலாளர் ஆஸ்டின் வகுத்த வேறுபாடு இங்கே பொருந்துகிறது: கூற்று மெய்யாகவோ பொய்யாகவோ இருக்கும், வாக்குறுதியோ நிறைவேறும் அல்லது தவறும். முன்னதை இப்போதே சோதிக்கலாம். பின்னதற்குக் காத்திருக்க வேண்டும்.

2011இல் வெளிவந்த மோக்கா என்னும் சோதனைக் கருவி, செயற்கூறு பிழையின்றி முடிந்தால் அதை வெற்றியெனப் பதிந்தது. வாக்குறுதியின் விளைவைப் பற்றிய கூற்றோ அதற்குப் பின்னரே இயங்கும். அது பொய்த்தாலும் பச்சைக்குறி ஏற்கெனவே விழுந்திருக்கும். முடிவை அறிவிக்க 'டன்' என்னும் அழைப்பு இருந்தது. ஆயினும் கூற்று எழுப்பிய பிழையை வாக்குறுதியே விழுங்கிக்கொள்ள, அந்த அழைப்பு நிகழாமலே போகும்; இரண்டு நொடி கழித்து 'நேரம் கடந்தது' என்ற செய்தி மட்டும் வரும். உண்மைக் காரணம் மறைந்துவிடும்.

2012இல் டொமெனிக் டெனிகோலா, சாய் என்னும் உறுதிக்கூற்று நூலகத்துக்குத் துணையாகச் 'சாய் ஆஸ் பிராமிஸ்டு' என்பதை உருவாக்கினார். அதில் 'ஈவென்சுவலி' என்ற சொல்லைச் சேர்த்தால் கூற்றே ஒரு வாக்குறுதியாக மாறும். 2014இல் மோக்கா, சோதனை திருப்பியளிக்கும் வாக்குறுதி முடியும்வரை காத்திருக்கக் கற்றது. 2015இல் வாக்குறுதி ஜாவாஸ்கிரிப்ட் தரத்தில் இடம்பெற்றது. 2017இல் 'அவெயிட்' சேர்ந்தது.

எனினும் கருவியால் ஈடுசெய்ய இயலாத ஒன்று எஞ்சுகிறது. வாக்குறுதியைத் திருப்பியளிக்காமலோ 'அவெயிட்' இடாமலோ விட்டால், 'ஈவென்சுவலி' சேர்ந்த கூற்றும் தவணை முடியாத தாளே. பச்சைக்குறி வாக்குறுதி நிறைவேறியதற்குச் சான்றாகாது. சோதனை அதற்காகக் காத்திருந்ததா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.