மழலையர் வகுப்பின் செலவு யாருடையது?

எங்கள் தெருவில் தையற்கடை வைத்திருக்கும் பெண்மணி நண்பகலில் கடையைப் பூட்டிவிடுகிறார். தனியார் பள்ளியில் எல்கேஜி படிக்கும் மகன் அந்நேரத்தில் வீடு திரும்பிவிடுவான். கல்விக் கட்டணம், வேன் கட்டணம், சீருடை எல்லாம் அவருடைய கணக்கு நோட்டில் உண்டு. பிற்பகலில் இழக்கும் வருமானம் மட்டும் இல்லை. பொருளியலில் இதை வாய்ப்புச் செலவு என்போம். வகுப்பறையில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் சொன்னதில்லை.

அரசின் கணக்கும் விந்தையானதே. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 11ஆம் பிரிவில், 3 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இலவச முன்பருவக் கல்வியை அரசு 'அளிக்கலாம்' என்கிறது. அளித்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. 12ஆம் பிரிவோ, தனியார் பள்ளியில் மழலையர் வகுப்பு இருந்தால் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டை அங்கேயே தொடங்கச் சொல்கிறது. அதற்கான செலவை, ஒரு வரம்புக்குள், அரசு ஈடுசெய்தாக வேண்டும். தன் பள்ளியில் நடத்துவது விருப்பம். பிறர் பள்ளிக்குக் கொடுப்பது கடமை!

தமிழ்நாட்டில் 2019இல், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி தொடங்கப்பட்டன. பிற்பகல் வரை குழந்தையை வைத்துக்கொள்ளக் கட்டடமும் மதிய உணவும் அங்கு உண்டு. குறை ஆசிரியர் நியமனத்தில்தான். உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை முதலில் அனுப்பினார்கள். 2022இல் மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் தற்காலிகச் சிறப்பாசிரியர்களை நியமிக்க முடிவாயிற்று.

மகனை அங்கே சேர்க்கலாமே என்று அப்பெண்மணியிடம் கேட்டேன். "டீச்சர் வருஷம் முழுக்க இருப்பாங்களா சார்?" என்றார்.