எஞ்சினைப் பிளக்கும் உறைபனி: குளிர்காலத்துக்கு முன் மோட்டார் படகைப் பாதுகாப்பது எப்படி?

காஷ்மீர் பள்ளத்தாக்கில் ஆண்டுதோறும் டிசம்பர் 21-ஆம் தேதி தொடங்கி ஜனவரி 30 வரை நீடிக்கும் 40 நாள் கடுங்குளிர் காலம் 'சில்லை கலான்' என்று அழைக்கப்படுகிறது. 2024-ஆம் ஆண்டு இக்காலம் தொடங்கிய நாளன்று ஸ்ரீநகரில் வெப்பநிலை மைனஸ் 8.5 டிகிரி செல்சியஸாகப் பதிவானது. இத்தகைய நாள்களில் தால் ஏரியின் ஓரங்களில் பனிப்படலம் படர்கிறது. துடுப்பால் இயங்கும் சிக்காராக்களைக் காட்டிலும், எஞ்சின் பொருத்தப்பட்ட படகுகளுக்கே இந்தக் குளிரால் பெரும் ஆபத்து நேர்கிறது.

படகு எஞ்சின்களில் பெரும்பாலானவை, தாம் மிதக்கும் நீரையே உறிஞ்சித் தம்மைக் குளிர்வித்துக்கொள்கின்றன. அந்த நீர் எஞ்சினுக்குள் தேங்கி உறைந்தால் அதன் கனஅளவு ஏறத்தாழ 9 சதவீதம் அதிகரிக்கும். விரிவடையும் பனிக்கட்டியின் அழுத்தத்தை வார்ப்பிரும்போ அலுமினியமோ தாங்குவதில்லை. ஒரே இரவில் எஞ்சினின் உடற்பகுதியில் விரிசல் ஏற்படக்கூடும். பல மாதங்கள் கழித்து எஞ்சினை இயக்கும்போதுதான் அது தெரியவரும்.

இழப்பு உரிமையாளரின் பணத்தோடு நின்றுவிடுவதில்லை. 2014 செப்டம்பரில் ஜீலம் ஆற்றின் வெள்ளம் ஸ்ரீநகரை மூழ்கடித்தபோது, மக்களை மீட்கப் படகுகளே முதன்மையாகத் தேவைப்பட்டன. அடுத்த ஆண்டு குளிர்காலம் முடிந்த சில வாரங்களில், 2015 மார்ச் இறுதியில், அதே ஆற்றில் மீண்டும் வெள்ள அபாயம் அறிவிக்கப்பட்டது. டிசம்பரில் முறையாக மூடி வைக்கப்படாத படகு, மார்ச்சில் அவசரத்துக்கு உதவாது.

எப்போது தொடங்க வேண்டும்?

முதல் உறைபனி இரவுக்கு முன்பே பணிகளை முடித்துவிட வேண்டும். காஷ்மீரில் நவம்பர் மாதத்திலேயே இரவு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்குவதுண்டு. லடாக்கில் 4,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ள பாங்காங் ஏரி, உப்புத்தன்மை கொண்டதாக இருந்தும் குளிர்காலத்தில் உறைந்துவிடுகிறது. 2023 பிப்ரவரியில் அதன் பனிப்பரப்பின் மீது 21 கிலோமீட்டர் ஓட்டப்பந்தயமே நடத்தப்பட்டது. அத்தகைய இடங்களில் நீர் உறையும் முன்பே படகைக் கரையேற்றிவிட வேண்டும்.

எரிபொருள்

தற்போது நாட்டில் விற்கப்படும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் தன்மை கொண்டது. ஈரம் ஓர் அளவைத் தாண்டினால், நீரும் எத்தனாலும் பெட்ரோலிலிருந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கிவிடும். எனவே, கழற்றி எடுக்கக்கூடிய சிறிய தொட்டிகளை முழுமையாகக் காலி செய்துவிடுவது நல்லது. நிலையான தொட்டியாக இருப்பின், விரிவடைவதற்குச் சிறிது இடம் விட்டு ஏறக்குறைய முழுமையாக நிரப்பி, எரிபொருள் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசரைச் சேர்க்க வேண்டும். பின்னர் எஞ்சினைச் சுமார் 10 நிமிடங்கள் இயக்கினால், அந்தக் கலவை குழாய்களுக்குள்ளும் சென்று சேரும்.

கரையில் எஞ்சினை இயக்கும்போது, நீர் உறிஞ்சும் துளைகளில் குழாய் இணைப்பின் மூலம் நல்ல நீர் செல்வதை உறுதி செய்ய வேண்டும். நீரின்றி இயக்கினால், பம்பின் உள்ளே சுழலும் ரப்பர் சக்கரம் வெகு விரைவில் தேய்ந்து கருகிவிடும். எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கக்கூடியது என்பதால், மூடிய கொட்டகைக்குள் ஒருபோதும் எஞ்சினை இயக்கலாகாது.

டீசல் படகுகளின் தொட்டியை நிரப்பி வைத்தால் உள்ளே ஈரம் படிவது குறையும். கடுங்குளிரில் சாதாரண டீசலில் மெழுகு திரண்டு வடிகட்டியை அடைத்துவிடும். இதன் காரணமாகவே, மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை 2019-ஆம் ஆண்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்கில் அறிமுகப்படுத்தியது.

எஞ்சின் ஆயிலும் கியர் ஆயிலும்

பயன்படுத்திய எஞ்சின் ஆயிலில் அமிலமும் ஈரமும் கலந்திருக்கும். அவை குளிர்காலம் முழுவதும் உள்ளேயே தங்கினால் உலோகத்தை அரிக்கும். ஆகவே, எஞ்சின் சூடாக இருக்கும்போதே பழைய ஆயிலை வடித்து, வடிகட்டியையும் மாற்ற வேண்டும். அதன்பின், தயாரிப்பாளரின் கையேட்டில் கூறியுள்ளபடி, சிலிண்டர்களுக்குள் துருத்தடுப்பு எண்ணெய் தெளிக்க வேண்டும்.

உந்துவிசிறிக்கு மேலே உள்ள கியர் பெட்டியின் ஆயிலையும் வடித்துப் பார்ப்பது அவசியம். அது பால் போல வெண்மையாகக் காணப்பட்டால், உள்ளே நீர் புகுந்துள்ளது என்று பொருள். சீல் பழுதடைந்திருப்பதன் அடையாளம் அது. அப்படியே விட்டால் அந்த நீர் உறைந்து கியர் பெட்டியின் ஓட்டையே பிளந்துவிடும்.

நீரை வெளியேற்றுதல்

அனைத்துப் பணிகளிலும் முதன்மையானது இதுவே. படகின் பின்புறம் வெளியே பொருத்தப்படும் எஞ்சினைச் செங்குத்தாக நிறுத்தினால், அதிலுள்ள நீர் தானாகவே வடிந்துவிடும். சாய்த்து வைத்தால் வளைவுகளில் நீர் தேங்கும். எனவே, சேமிப்புக் காலம் முழுவதும் அதைச் செங்குத்தாகவே வைத்திருக்க வேண்டும்.

படகின் உள்ளே பொருத்தப்பட்ட எஞ்சினில் உடற்பகுதி, புகைபோக்கிக் குழாய்த் தொகுதி, நீர் பம்பு ஆகியவற்றுக்குத் தனித்தனி வடிகால் திருகுகள் இருக்கும். ஒன்றையும் விடாமல் திறக்க வேண்டும். திருகைக் கழற்றியும் நீர் வரவில்லையெனில், உள்ளே நீர் இல்லை என்று கருதிவிடக் கூடாது. துருவும் மணலும் துளையை அடைத்திருக்கலாம். மெல்லிய கம்பியால் துளையைக் குத்திப் பார்ப்பது வழக்கம். பின்னர் உறைதடுப்புத் திரவத்தைச் செலுத்த வேண்டும். எத்திலீன் கிளைகால் நச்சுத்தன்மை கொண்டது. வெளியேறும் திரவம் ஏரியில் கலக்க வாய்ப்பு இருப்பதால், நச்சுத்தன்மை குறைந்த புரொப்பிலீன் கிளைகால் வகையையே தேர்ந்தெடுப்பது பொறுப்பான செயலாகும்.

பேட்டரி

முழுமையாகச் சார்ஜ் ஏற்றப்பட்ட ஈய-அமில பேட்டரி மைனஸ் 50 டிகிரி குளிரையும் தாங்கும். சார்ஜ் இறங்கிய பேட்டரியோ மைனஸ் 10 டிகிரியை எட்டும் முன்பே உறைந்து வெடிப்புறலாம். முதலில் நெகட்டிவ் இணைப்பையும் பின்னர் பாசிட்டிவ் இணைப்பையும் கழற்றி, முழுமையாகச் சார்ஜ் செய்து, உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை மீண்டும் சார்ஜ் செய்வது போதுமானது. அப்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால், அவ்விடம் காற்றோட்டமானதாகவும் நெருப்புக்கு அப்பாற்பட்டதாகவும் இருக்க வேண்டும்.

படகின் உடற்பகுதி

அடிப்பாகத்தில் படிந்த பாசியை ஈரம் காய்வதற்குள் கழுவி அகற்றுவது எளிது. பின்புற வடிகால் மூடியைக் கழற்றிவிட்டு, படகின் முன்பகுதி சற்று உயர்ந்திருக்குமாறு நிறுத்தினால், உள்ளே சேரும் நீர் வெளியேறிவிடும். பனிச்சுமை தேங்காமல் வழுக்கி விழும் வகையில் விதானத்தைச் சரிவாக அமைக்க வேண்டும். இருபுறமும் காற்று புகுவதற்கு இடைவெளி இல்லையெனில் பூஞ்சை படரும். உயிர்காப்பு அங்கிகளைக் காயவைத்துத் தனியே தொங்கவிட வேண்டும். காற்றடைத்த ரப்பர் மீட்புப் படகுகளை முழுமையாக உலர்த்திய பிறகே மூட வேண்டும். எலிகள் கடித்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வசந்த காலத்தில் மறக்கக் கூடாதது

கழற்றிய வடிகால் மூடியைப் பொருத்தாமலேயே படகை நீரில் இறக்குவது, பல இடங்களில் நேரும் தவறாகும். மூடியை ஒரு பையிலிட்டுப் படகின் ஸ்டீயரிங்கில் கட்டிவைத்தால் மறதிக்கு இடமிருக்காது. கழற்றியவை, மாற்றியவை, செய்த தேதி ஆகியவற்றைத் தாளில் எழுதி அதனுடன் இணைத்து வைப்பது, அடுத்து படகை எடுப்பவருக்கும் உதவும்.

உறைபனி இல்லாத தென் மாநிலங்களில் நீரை வடிப்பது இத்தனை அவசரமானதல்ல. எனினும், கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் நிற்கும் விசைப்படகுகளுக்கும், ஆயில், பேட்டரி, எரிபொருள் தொட்டி குறித்த இவ்விதிகள் பொருந்தும்.