சாளரத் திறப்புக் கட்டுப்படுத்தி

சாளரத் திறப்புக் கட்டுப்படுத்தி என்பது, ஒரு சாளரத்தின் கதவு குறிப்பிட்ட அளவுக்கு மேல் திறவாதவாறு தடுத்து நிறுத்தும் கருவி ஆகும். காற்றோட்டத்துக்காகச் சாளரத்தைச் சிறிதளவு திறந்து வைத்திருக்கும்போது, உள்ளே இருப்பவர் தவறி வெளியே விழாமலும், வெளியே இருப்பவர் உள்ளே நுழையாமலும் காப்பது இதன் நோக்கம். சாவியினால் பூட்டித் திறக்கக்கூடியவை பூட்டுடைய திறப்புக் கட்டுப்படுத்திகள் எனப்படுகின்றன. நிலையான இரும்புக் கம்பிகள் பொருத்தப்பட்ட சாளரங்களுக்கு இக்கருவி தேவைப்படுவதில்லை. கம்பிகள் இல்லாத சாளரங்கள் பரவலாக உள்ள ஐக்கிய இராச்சியம், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இது பெரிதும் பயன்படுகின்றது.

திறப்பின் அளவு

ஐக்கிய இராச்சியத்தில் இக்கருவிகள் பொதுவாகச் சாளரத்தை 100 மில்லிமீட்டருக்கு மேல் திறக்க விடுவதில்லை. சிறு குழந்தையின் தலையும் உடலும் நுழைய முடியாத இடைவெளி என்னும் அடிப்படையில் இவ்வளவு கொள்ளப்படுகின்றது. இது கதவுக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள மிக அகன்ற இடத்தில் அளக்கப்பட வேண்டும். பக்கக் கீல் கொண்ட சாளரத்தில் கீலுக்கு அருகே இடைவெளி குறைவாகவும், எதிர் ஓரத்தில் மிகுதியாகவும் இருக்கும். எனவே கருவி பொருத்தப்பட்ட இடத்தில் மட்டும் அளந்தால் பிழையான முடிவே கிடைக்கும்.

வகைகள்

வட வகை: நெகிழி உறையிட்ட எஃகு வடம் ஒன்று கதவையும் சட்டத்தையும் இணைக்கின்றது. வடத்தின் ஒரு முனை நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். மறுமுனையைச் சாவி கொண்டு பூட்டவும் விடுவிக்கவும் முடியும். பல்வேறு வடிவிலான சாளரங்களுக்குப் பொருந்துவதால் வீடுகளில் இவ்வகை மிகுதியாகக் காணப்படுகின்றது.

கர வகை: கதவிலுள்ள உலோகக் கரம் சட்டத்திலுள்ள முளையில் மாட்டிக்கொள்ளும். கரத்தை அழுத்தி விடுவித்தால் சாளரம் முழுமையாகத் திறக்கும். இவ்வகையில் பலவற்றுக்குச் சாவி கிடையாது. சாளரத்தை மூடும்போது கரம் தானாகவே மீண்டும் மாட்டிக்கொள்ளும் அமைப்பும் உண்டு.

நகர்சாளரத் தடுப்பு: மேல்கீழாக நகரும் சாளரங்களில், மேற்கதவின் பக்கச் சட்டத்தில் சிறிய உலோக முளை திருகப்படுகின்றது. கீழ்க்கதவு உயரும்போது இதில் முட்டி நின்றுவிடும். முளையை அதற்குரிய சாவியினால் மட்டுமே கழற்ற முடியும்.

காற்றோட்ட நிலைப் பூட்டு: சில சாளரங்களில், கதவு சிறிதே திறந்த நிலையில் கைப்பிடியைத் திருப்பிப் பூட்டும் வசதி உள்ளது. இது தனிக் கருவி அன்று. இந்நிலையில் கதவு சட்டத்தோடு இறுகப் பொருந்தாததால், முழுமையாக மூடிப் பூட்டிய சாளரத்தின் உறுதி இதற்கு இல்லை.

வீழ்தல் தடுப்பு

1972 ஆம் ஆண்டில் நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை, சாளரங்களிலிருந்து குழந்தைகள் விழுவதைத் தடுக்க "குழந்தைகளால் பறக்க முடியாது" என்னும் பொருள்படும் பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 1976 இல், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குடியிருப்புகள் கொண்ட கட்டிடங்களில், 10 வயதும் அதற்குக் குறைந்தவர்களுமான குழந்தைகள் வாழும் வீடுகளுக்குச் சாளரக் காப்புகள் கட்டாயமாக்கப்பட்டன. தீக்காலத்தில் தப்பும் படிக்கட்டுக்கு இட்டுச்செல்லும் சாளரங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

ஆஸ்திரேலியாவின் கட்டிட விதித்தொகுப்பு 2013 மே 1 முதல், தரையிலிருந்து 2 மீட்டர் அல்லது அதற்கு மேல் உயரத்திலுள்ள புதிய படுக்கையறைகளின் சாளரங்களுக்குப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது. 125 மில்லிமீட்டர் விட்டமுள்ள கோளம் நுழைய முடியாத அளவுக்கே சாளரம் திறக்க வேண்டும். கருவி 250 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஏற்கனவே கட்டப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்புகளும் 2018 மார்ச் 13 க்குள் இத்தகைய கருவிகளைப் பொருத்த வேண்டியிருந்தது.

கொசுவலைச் சட்டங்கள் இக்கருவிக்கு மாற்றாகா. அவை பூச்சிகளைத் தடுக்க அமைக்கப்பட்டவை. சாய்ந்து நிற்கும் குழந்தையின் எடையைத் தாங்குவதில்லை. சாளரத்தின் அருகே கட்டில், நாற்காலி போன்ற ஏறக்கூடிய பொருட்களை வைப்பதும் ஆபத்தானது.

திருட்டுத் தடுப்பு

100 மில்லிமீட்டர் இடைவெளியில் ஒருவரது உடல் நுழையாது; ஆனால் கை நுழையும். சாவியற்ற கர வகையை வெளியிலிருந்து கையை நுழைத்து விடுவிக்க இயலும். எனவே திருட்டுத் தடுப்புக்குப் பூட்டுடைய வகையே ஏற்றது. சாவியைப் பூட்டிலோ சாளரத் திண்ணையிலோ விட்டுவைத்தால் இப்பயன் இல்லாமற்போகும்.

பூட்டுடைய வகைக்கும் எல்லை உண்டு. ஐரோப்பியச் சீர்தரமான ஈ.என். 14351-1, சாளரப் பாதுகாப்புக் கருவிகள் 350 நியூட்டன் விசையை 60 நொடிகள் தாங்க வேண்டும் என்கின்றது. இது ஏறத்தாழ 35 கிலோகிராம் நிறையின் எடைக்குச் சமம். தவறிச் சாயும் குழந்தையைக் காக்க இது போதுமானது. நெம்புகோல் கொண்டு வலிந்து திறக்க முயலும் ஒருவரை இது சிறிது நேரம் தாமதப்படுத்தும், அவ்வளவே. ஆகவே வீட்டில் எவரும் இல்லாத வேளைகளில், தரைத்தளச் சாளரங்களையும் தாழ்ந்த கூரை வழியாக எட்டக்கூடிய சாளரங்களையும் முழுமையாக மூடிப் பூட்டுவதே பாதுகாப்பானது.

தீக்காலத்தில் வெளியேறுதல்

திருடனைத் தடுக்கும் பூட்டு, தீப்பற்றும்போது வீட்டாரையும் தடுக்கக்கூடும். இதுவே இக்கருவியின் முதன்மையான சிக்கல் ஆகும். இங்கிலாந்தின் கட்டிட விதி வழிகாட்டியின்படி, தப்பும் வழியாகக் கருதப்படும் சாளரத்தின் திறப்பு குறைந்தது 0.33 சதுர மீட்டர் பரப்பும், உயரத்திலும் அகலத்திலும் குறைந்தது 450 மில்லிமீட்டரும் கொண்டிருக்க வேண்டும். இத்தகைய சாளரத்தில் பூட்டு அமைக்கலாம். ஆனால் திறப்பைக் கட்டுப்படுத்தும் கருவிக்கு விடுவிப்புப் பிடி இருத்தல் வேண்டும். அப்பிடி குழந்தைகளால் இயக்க முடியாத வகையினதாக இருக்கலாம்.

சாவியுடன் கூடிய கருவி உள்ள அறைகளில், சாவி சாளரத்துக்கு அருகே, குழந்தைகளுக்கும் வெளியிலிருந்து நுழையும் கைக்கும் எட்டாத ஓரிடத்தில் எப்போதும் இருக்க வேண்டும். இருளிலும் புகையிலும் எடுக்கத்தக்கவாறு அந்த இடத்தை வீட்டிலுள்ள பெரியவர் அனைவரும் அறிந்திருத்தல் அவசியம். வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் ஒரே சாவியில் திறப்பவையாக இருப்பது நன்று.

வெப்பமும் காற்றோட்டமும்

2022 சூலை 19 அன்று இங்கிலாந்தின் கோனிங்சுபியில் 40.3 பாகை செல்சியசு வெப்பநிலை பதிவானது. ஐக்கிய இராச்சியத்தில் வெப்பநிலை 40 பாகையைத் தாண்டியது அதுவே முதன்முறை. இத்தகைய நாட்களில் 100 மில்லிமீட்டர் திறப்பு அறையைக் குளிர்விக்கப் போதாது. அவ்வாண்டு சூன் 15 முதல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த, புதிய குடியிருப்புகளின் மிகைவெப்பம் பற்றிய விதிகள், இரவில் சாளரங்களைப் பாதுகாப்பாகத் திறந்து வைக்க முடிவதையும் கருத்தில் கொள்கின்றன. எளிதில் எட்டக்கூடிய படுக்கையறைச் சாளரங்களுக்குப் பூட்டக்கூடிய கம்பித் தடுப்புகளும் காற்றுப் புகும் அடைப்புகளும் அவற்றின் வழிகாட்டியில் கூறப்படுகின்றன.

பொருத்துதலும் பராமரிப்பும்

கருவியின் உறுதி அதைப் பிடித்திருக்கும் திருகாணிகளைப் பொறுத்தது. நெகிழிச் சட்டங்களில் உள்ளிருக்கும் எஃகு வலுவூட்டலைப் பற்றும் அளவுக்குத் திருகாணிகள் நீளமாக இருக்க வேண்டும். உளுத்த மரச் சட்டத்தில் எந்தக் கருவியும் நிலைக்காது. துளையிடும்போது கண்ணாடியைத் தொடாமல் கவனிக்க வேண்டும். அகன்ற சாளரங்களில் இரு பக்கமும் ஒவ்வொரு கருவி தேவைப்படலாம். திருகாணிகள் தளர்ந்துள்ளனவா, வடத்தின் இழைகள் அறுந்துள்ளனவா, பூட்டு எளிதில் திறக்கின்றதா என்பவற்றை அவ்வப்போது சோதிக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

சாளரம்
பூட்டு
காற்றோட்டம்
தீத்தடுப்பு