அந்நிய ஆட்சியும் நெல்லைச் சீமையின் அறப்போரும்

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென அன்பர்கள் பணித்தபொழுது, முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் நான் கற்பித்துவரும் பாடம் ஒன்றையே எழுத விழைந்தேன். அப்பாடத்தில் நான் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. அதனை இம்மலரிலேனும் சொல்லிவிடுதல் என் கடமையாகும்.

ஒரு நாடு மற்றொரு நாட்டை அடக்கியாள்வது படைவலிமையால் மட்டுமன்று. 1799இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டு, 1801இல் பாளையக்காரர் போரையும் ஒடுக்கிய வெள்ளையர், அதன்பின் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் இங்கு ஆண்டனர். சிலராகிய அவர்கள் பலராகிய நம்மை ஆண்டது எங்ஙனம்? நம் கைகளைக் கொண்டே ஆண்டனர். ஆலையில் நூல் நூற்ற கை, துறைமுகத்தில் மூட்டை ஏற்றிய கை, துரைமார் உடுப்பை வெளுத்த கை, அவர்தம் தெருவைக் கூட்டிய கை யாவும் நம்மவர் கைகளே. அக்கைகள் 'மாட்டோம்' என்று ஓய்ந்த நாளில் ஏகாதிபத்தியம் ஆட்டம் கண்டது. அறப்போரின் அடிப்படை இதுவே.

கப்பலும் ஆலையும்

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டு வாணிகத்தைத் தன் பிடியில் வைத்திருந்தது ஆங்கிலேயக் கப்பல் கம்பெனி. அதற்கு எதிராக 1906இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்தார். மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றின் விலை 25 ரூபாய். கப்பலைக் கப்பலால் எதிர்த்த அம்முயற்சியை நாம் அனைவரும் அறிவோம். ஆயினும், கப்பலைவிட ஆட்சியாளரை அஞ்சச் செய்தது ஆலைத் தொழிலாளர் போராட்டமே.

1908 பிப்ரவரி 27ஆம் நாள் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். குறைந்த கூலி, நீண்ட வேலை நேரம், ஓய்வுநாள் இன்மை ஆகியவையே அவர்தம் குறைகள். வ. உ. சி.யும் சுப்பிரமணிய சிவாவும் நாள்தோறும் கூட்டங்களில் பேசி அவர்களுக்கு உறுதுணையாய் நின்றனர். வேலையிழந்து நின்றோர்க்கு ஊரார் உதவினர். மார்ச் முதல் வாரத்திற்குள் நிருவாகம் இறங்கிவந்து, கூலி உயர்வுக்கும் ஞாயிறு விடுமுறைக்கும் இசைந்தது. கத்தியின்றி இரத்தமின்றிக் கூலிக்காரர் ஈட்டிய வெற்றி அது.

நால்வர்

மார்ச் 12ஆம் நாள் தலைவர்கள் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைக்கப்பட்டன. மாணவர்கள் கல்லூரியைவிட்டு வெளியேறினர். தூத்துக்குடியில் ஆலைத் தொழிலாளரோடு நகரசுத்தித் தொழிலாளர், சலவைத் தொழிலாளர், முடிதிருத்துவோர், வண்டியோட்டிகள் ஆகியோரும் வேலையை நிறுத்தினர். தலைவர்களுக்காகக் கூலியாட்கள் வேலைநிறுத்தம் செய்ததை வண்ணார்பேட்டையில் வாழும் நாம் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். வெளுப்பவர் பெயரையே தன் பெயராகக் கொண்டது நம் ஊர்.

உண்மையை மறைத்தல் ஆசிரியனுக்கு அழகன்று. அன்று நெல்லையில் நடந்தவை யாவும் அறவழியில் நடந்தன எனக் கூற இயலாது. நகராட்சி அலுவலகத்திற்கும் காவல் நிலையத்திற்கும் அஞ்சல் நிலையத்திற்கும் தீ வைக்கப்பட்டது. கலெக்டர் விஞ்ச் துரை சுட ஆணையிட்டார். நால்வர் மாண்டனர். பின்னர்த் தண்டக் காவற்படை நிறுத்தப்பட்டு, அதன் செலவு ஊரார் தலையில் வரியாக விழுந்தது. வ. உ. சி.க்கு விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனை மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டது. எனினும் கோவைச் சிறையில் அவர் செக்கிழுத்தார். வேலைநிறுத்தத்தால் வென்ற மக்கள் நெருப்பால் இழந்தனர் என்பதே அவ்வாண்டு கற்பிக்கும் பாடம். அதே 1908 ஆகஸ்டில் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் காந்தியடிகள் தலைமையில் இந்தியர் தம் பதிவுச் சீட்டுகளைக் கொளுத்தினர். அங்கே எரிந்தது பிறர் உடைமையன்று, அடிமைச் சீட்டு.

இனி, நான் சொல்லாமல் விட்ட பகுதிக்கு வருகிறேன். மாண்ட நால்வருள் ஒருவர் கோயிற் பூசாரி, ஒருவர் இசுலாமியர், ஒருவர் ரொட்டிக் கிடங்கில் வேலை செய்தவர், ஒருவர் தாழ்த்தப்பட்ட குலத்தவர். நாட்டு விடுதலைக்காக நம்மவர் ஒருவர் இம்மண்ணில் குண்டடிபட்டு மாண்டார் என்பதை என் மாணவர்க்கு நான் பல்லாண்டுகள் கூறியதில்லை. நான் கையாண்ட பாடநூல்களில் அச்செய்தி இல்லை, நானும் தேடவில்லை. அது நூலின் குறை மட்டுமன்று, என் குறையுமாகும்.

இருமுனைப் போர்

பிறருக்கு ஒருமுனையாய் இருந்த விடுதலைப் போர் நமக்கு இருமுனையாய் இருந்தது. 1927 மார்ச் 20ஆம் நாள் மகாத் நகரின் சவதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் இறங்கி ஒரு கை நீர் அள்ளிப் பருகினார். அந்நியன் ஆண்ட நாட்டிலே, சொந்த நாட்டார் மறுத்த நீர் அது. 1934இல் குற்றாலத்திற்கு வந்த காந்தியடிகள், தாழ்த்தப்பட்டோர்க்கு அங்கு நீராட உரிமையில்லை என்றறிந்து தாமும் நீராட மறுத்தார். அவர் மறுத்தது பெருந்தன்மை; அண்ணல் அள்ளியது உரிமை. இரண்டின் வேறுபாட்டை நம் பிள்ளைகள் உணர்தல் வேண்டும். 1947இல் அந்நியர் அகன்றனர்; 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. சட்டத்தில் ஒழிந்தது ஊரில் ஒழிய நெடுங்காலம் ஆகிறது.

1999 சூலை 23ஆம் நாள், மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளரின் கோரிக்கைகளை முன்வைத்துக் கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் வந்தது. காவல்துறையின் தடியடிக்கு அஞ்சித் தாமிரபரணியில் இறங்கியோர் உட்படப் பதினேழு பேர் உயிரிழந்தனர். வெள்ளையர் காலத்தில், 1929இல், குத்தகைக்கு விடப்பட்ட மலைத் தோட்டம் அது. மனுக் கொடுக்க வந்தோர்க்குச் சுதந்திர நாட்டில் நேர்ந்த கதியை எண்ணுந்தோறும் நெஞ்சு பதறுகிறது.

ஆயினும் ஒன்று நோக்குக. 1908இல் மாண்ட நம்மவர் பெயரை நம் தெருக்களில் அறிந்தவர் அரியர். 1999இல் மாண்ட பதினேழு பேரின் பெயர்களும் எழுதப்பட்டுள்ளன. ஆண்டுதோறும் அந்நாளில் ஆற்றில் மலர் தூவப்படுகிறது. இடைப்பட்ட 91 ஆண்டுகளில் நம்மிடையே எழுதுவோரும் படிப்போரும் வழக்காடுவோரும் தோன்றிவிட்டனர் என்பதும் அதற்கு ஒரு காரணமாகும். கல்வி நமக்குத் தந்தது வேலை மட்டுமன்று. இறந்தோரை மறவாதிருக்கும் ஆற்றலையும் தந்தது.

நம் சங்கத்தின் விடுதியில் இரவு விளக்கேற்றிப் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் இதனை உணர்வாராக. அந்நியனாயினும் அயலானாயினும், அடக்கியாள்வோனுக்கு நம் கை துணைபோகாதிருக்கட்டும். அக்கை எடுக்கும் கருவி எழுதுகோலாக இருக்கட்டும். அடுத்த ஆண்டு மார்ச் 13ஆம் நாள் என் பள்ளியின் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அந்நால்வரையும் நினைவுகூர உறுதி பூண்டுள்ளேன். பிற பள்ளிகளின் ஆசிரியப் பெருமக்களும் அவ்வாறே செய்யுமாறு வேண்டி, சங்கம் பொன்விழாக் காண வாழ்த்தி அமைகிறேன்.