ஜெராய் மலையடியில் ஒரு நாள்: கடாரத்து விகாரங்களைத் தேடி

குருண் நகரில் வாழ்வோருக்கு ஜெராய் மலை ஒரு காலங்காட்டி. உச்சி தெளிவாகத் தெரிந்தால் அன்று வெயில். மேகம் மூடினால் மதியத்திற்குள் மழை. பால்மரம் சீவப் போன நம் முன்னோர் விடியற்காலையில் முதலில் பார்த்தது இந்த மலையைத்தான். ஆனால், அதே மலையைப் பார்த்துக்கொண்டுதான் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் நாகப்பட்டினத்திலிருந்தும் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்தும் வந்த கப்பல்கள் கரை சேர்ந்தன என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? இக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, அண்மைப் பள்ளி விடுமுறையில், ஆசிரியர்கள் மூவரும் ஆறாம் ஆண்டு மாணவர்கள் பதினொருவருமாக ஒரு வேனில் புறப்பட்டோம். ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய பயணம் இது. வாசகர்களும் குடும்பத்தோடு சென்று வரலாம் என்பதால் சென்ற வழியையும் கண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

காலை ஏழரை மணிக்குக் குருண் தொடர்வண்டி நிலையத்தருகே கூடினோம். மாணவர்களிடம் நாசி லெமாக் பொட்டலங்கள் இருந்தன. என்னிடம் ஒரு வரைபடம் இருந்தது. பழைய நெடுஞ்சாலையில் தெற்கு நோக்கிப் பீடோங் வந்து, அங்கிருந்து மேற்கே மெர்போக் செல்லும் சாலையில் திரும்பினோம். இருபுறமும் செம்பனை. இடையிடையே பழைய பால்மரக் காடுகளின் மிச்சம். இத்தோட்டங்கள் பலவற்றின் மண்ணுக்கடியில் செங்கல் அடித்தளங்கள் உறங்குகின்றன என்றதும் மாணவர்கள் சன்னலை விட்டு நகரவில்லை.

முதலில் சுங்கை பத்து. 2009ஆம் ஆண்டு முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் இங்கே அகழ்ந்து வருகின்றனர். இரும்பு உருக்கிய உலைகளின் எச்சம், உலைக்குக் காற்றூதப் பயன்பட்ட களிமண் குழாய்கள், படகுத்துறைகள், வட்ட வடிவில் அமைந்த ஒரு செங்கல் கட்டுமானம் ஆகியவை வெளிப்பட்டுள்ளன. இவ்விடம் கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்கும் முந்தியது என்று அகழ்ந்தவர்கள் கூறினர். அந்தக் காலக்கணிப்பை வேறு ஆய்வாளர் பலர் ஏற்கவில்லை. இரும்புத் தொழில் இங்கே பல நூற்றாண்டுகள் நடந்தது என்பதில் மட்டும் ஐயமில்லை. இன்று அவ்விடத்தில் நின்றால் கடலின் சுவடே தெரியாது. அக்காலத்தில் மெர்போக் ஆற்றின் கழிமுகம் இன்னும் உள்ளே வரை அகன்று கிடந்தது. படகுகள் இங்கே வந்து கட்டப்பட்டன. ஆறுகள் கொண்டுவந்த வண்டல் நிரம்பி நிரம்பிக் கரை மேற்கே தள்ளிப் போயிற்று. துறைமுகம் காடாயிற்று, காடு தோட்டமாயிற்று, தோட்டத்திற்கு நாம் வந்தோம்.

மெர்போக் அருங்காட்சியகத்தை அடைந்தபோது மணி பத்து. லெம்பா பூஜாங் தொல்பொருள் அருங்காட்சியகம் என்பது இதன் பெயர். 1980ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. வளாகத்திலேயே, மலையிலிருந்து இறங்கும் ஓடை ஒன்றின் கரையில், புக்கிட் பத்து பகாட் சண்டி இருக்கிறது. 'பத்து பகாட்' என்றால் உளியால் செதுக்கிய கல். 1936-37ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் என்ற ஆங்கில ஆய்வாளரும் அவர்தம் துணைவியார் டோரத்தியும் கெடா முழுவதும் நடந்து முப்பது இடங்களுக்கு எண்ணிட்டுப் பதிவு செய்தனர். அவற்றுள் இது எட்டாம் எண். பின்னர் 1959-60ஆம் ஆண்டுகளில் அலஸ்டர் லேம்ப் என்பவர் மேற்பார்வையில் கற்கள் மீண்டும் அடுக்கப்பட்டு இன்றுள்ள தோற்றம் பெற்றது.

கருங்கல் மேடை ஒன்று. அதன் முன்னே மண்டபத்திற்கான தளம். தளத்தில் தூண்களைத் தாங்கிய கற்கள். கூரை மரத்தாலும் கீற்றாலும் ஆனதாக இருந்திருக்க வேண்டும். அது அழிந்து போயிற்று. விமானம், மண்டபம் என்று நாம் ஊர்க் கோயிலில் சொல்லும் அதே சொற்களைத்தான் ஆய்வாளர்களும் இங்கே எழுதுகின்றனர். மறுசீரமைப்பின்போது அடித்தளத்திலிருந்து சிறு கற்பேழைகள் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் ஒன்பது குழிகள். உள்ளே மணிகளும் பொன், வெள்ளித் தகடுகளும். கோயில் எழுப்புமுன் கருவறைக்கு அடியில் ஒன்பான் மணிகள் இடும் வழக்கத்தை அறிந்த எவருக்கும் இது புதிதாகத் தோன்றாது. வேல்ஸ் இக்கோயிலை ஏழு, எட்டாம் நூற்றாண்டுக்குரியது என்றார். லேம்ப் பதினோராம் நூற்றாண்டு வாக்கில் வைத்தார். நானூறு ஆண்டு வேறுபாடு!

அப்போதுதான் ஒரு மாணவன் கேட்டான், "சார், இதை நாமா கட்டினோம்?"

இவ்வினாவுக்கு விடை சொல்வது எளிதன்று. 'ஆம்' என்று சொன்னால் பிள்ளைகள் மகிழ்வார்கள். நம் மேடைகளில் அப்படித்தான் சொல்லி வருகிறோம். இராசேந்திர சோழன் கடாரம் வென்றான், ஆகவே இவை சோழர் கோயில்கள் என்று அடித்துப் பேசுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கட்டியவர் பெயர் சொல்லும் கல்வெட்டு எதுவும் புக்கிட் பத்து பகாட்டில் இல்லை. இந்தியாவிலிருந்து அலையலையாகக் குடியேறியவர்கள் எழுப்பியவை என்று வேல்ஸ் கருதினார். பின்வந்த ஆய்வாளர் பலர் அதனை மறுத்து, உள்ளூர்த் தலைவர்களே வணிகர் கொண்டுவந்த சமயத்தையும் கட்டடக் கலையையும் தமக்கேற்ப ஏற்றுக்கொண்டனர் என்கின்றனர். எனக்கு இரண்டாவதே பொருத்தமாகத் தோன்றுகிறது. கல் இம்மலையின் கல். கையும் பெரும்பாலும் இம்மண்ணின் கையாகவே இருந்திருக்கும். அமைப்பு தென்னாட்டு அமைப்பு. மாணவனிடம், "நம் தாத்தாக்களும் இந்த ஊர்க்காரர்களின் தாத்தாக்களும் பேசிக்கொண்ட இடம் இது," என்றேன். அவன் முழு நிறைவு அடைந்ததாகத் தெரியவில்லை.

இவை எல்லாம் சிவன் கோயில்கள் என்று எண்ணுவதும் பிழை. இப்பகுதியின் பழைய சான்றுகள் பலவும் பௌத்தம் சார்ந்தவை. 1834ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லோ என்ற படை அதிகாரி செபராங் பிறையில் கண்டெடுத்த கல்வெட்டு, புத்தகுப்தன் என்னும் பெருங்கப்பல் தலைவனின் வேண்டுதலைச் சொல்கிறது. அதில் தூபி ஒன்றின் உருவமும் பொறிக்கப்பட்டுள்ளது. எழுத்தமைதி கொண்டு அதனை ஐந்தாம் நூற்றாண்டினது என்பர். ஜெராய் மலைக்கு வடக்கே, யான் மாவட்டத்து நெல்வயல்களுக்கு நடுவே தனித்து நிற்கும் குன்று புக்கிட் சோராஸ். லோவும் வேல்ஸும் குறித்து வைத்த அவ்விடத்தை 2023ஆம் ஆண்டில் முறையாக அகழ்ந்தபோது ஆளுயரச் சுதைச் சிற்பங்களும் பல்லவ எழுத்துப் பொறிப்பும் வெளிவந்தன. அங்கே நாங்கள் செல்லவில்லை. இன்னொரு நாளைக்கு வைத்திருக்கிறோம்.

துறைமுகத்தில் துறவிகளுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். விடை காற்றில் இருக்கிறது. ஒரு பருவக்காற்றில் வங்கக் கடலைக் கடந்து வந்த கப்பல், எதிர்க்காற்று எழும்வரை மாதக் கணக்கில் இங்கே காத்துக் கிடக்க வேண்டும். காத்திருப்போருக்கு உணவும் தங்குமிடமும் வழிபாடும் தேவை. சீனத் துறவி இத்சிங் 671ஆம் ஆண்டில் தம் நாட்டிலிருந்து கடல்வழி புறப்பட்டு, சிரீவிசயத்தில் தங்கி, பின் கடாரம் வந்து, இங்கிருந்து கப்பலேறி 673ஆம் ஆண்டில் வங்கக் கரையின் தாம்ரலிப்தியை அடைந்தார். அவர் இறங்கிய கரை, நாங்கள் நின்ற இடத்திலிருந்து வெகுதொலைவில் இருக்க முடியாது. தொலைவிலிருந்து வரும் கப்பலுக்குக் கலங்கரை விளக்கம் எதுவும் தேவையில்லை. ஜெராய் மலையே போதும்.

இதே கதையின் மறுபாதி நாகப்பட்டினத்தில் இருக்கிறது. கடாரத்தையும் ஆண்ட சிரீவிசய வேந்தன் மாறவிசயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் அங்கே ஒரு பௌத்த விகாரம் எழுப்பினான். அதற்கு இராசராச சோழன் 1006ஆம் ஆண்டு வாக்கில் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தான்; ஆண்டுக்கு 8,900 கலத்துக்கும் மேற்பட்ட நெல். சிவநெறிச் செல்வனான சோழன், கடல் கடந்த பௌத்த மன்னனின் பள்ளிக்கு நிலம் தருகிறான். தந்தையின் ஆணையைச் செப்பேட்டில் பொறித்து உறுதி செய்தவன் மகன் இராசேந்திரன். அவனேதான் 1025ஆம் ஆண்டில் கப்பற்படை அனுப்பிக் கடாரத்தைத் தாக்கினான்! 'கடாரம் கொண்டான்' என்ற பட்டம் பெற்றான்; திருவாரூர்ப் பக்கம் அப்பெயரில் ஓர் ஊரே உள்ளது. பகை நெடுநாள் நீடிக்கவில்லை. 1090ஆம் ஆண்டில் கடாரத்து மன்னனின் தூதர்கள் முதலாம் குலோத்துங்கனிடம் வந்து அதே விகாரத்தின் உரிமைகளைக் கேட்டுப் பெற்றனர்.

படையெடுப்பு ஒன்றை மட்டும் பாடநூலில் பெரிதாகப் படித்துவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் இருந்த எண்பது ஆண்டு உறவை நாம் மறந்துவிட்டோமோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும். வெற்றியைச் சொல்வதில் குற்றமில்லை. ஆனால் கொள்ளைக்குப் போன கப்பல்களைவிட நெல்லும் மணியும் துறவியும் ஏற்றிச் சென்ற கப்பல்களே மிகுதி.

(ஒரு சிறு குறிப்பு: கடாரம் என்றால் தமிழில் பெரிய கொப்பரை என்றும் பொருள். வடமொழியில் இவ்வூரைக் குறிக்கும் கடாகம் என்ற சொல்லுக்கும் அதே பொருள்தான். பட்டினப்பாலையில் வரும் காழகத்துக்குக் கடாரம் என்று உரை எழுதினார் நச்சினார்க்கினியர்.)

உணவு வேளைக்குத் தூப்பா அருவிக்குச் சென்றோம். மாணவர்களைப் பொறுத்தவரை பயணத்தின் சிறந்த பகுதி அதுதான்; நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. தண்ணீர் பனிக்கட்டிபோல் இருந்தது. எனினும் மலைப்பக்கம் மழை இருட்டினால் உடனே கரையேறி விடுங்கள். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் ஜெராய் மலைச் சரிவிலிருந்து திடீரெனப் பாய்ந்த வெள்ளம் பாறைகளையும் மரங்களையும் உருட்டிக்கொண்டு வந்து உயிர்களைப் பறித்தது. ஆற்றோரத்தில் கிடக்கும் பெரும்பாறைகளைக் காட்டி அதை மாணவர்களுக்குச் சொன்னோம்.

பின்னர் குருண் திரும்பி, அங்கிருந்து வளைந்து வளைந்து மலையேறும் பாதையில் சென்றோம். 1,200 மீட்டருக்கும் சற்று உயர்ந்த மலை; ஏற ஏறக் காது அடைத்தது. உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரங்களும் படையினர் பகுதியும் இருப்பதால் பொதுமக்கள் செல்ல இயலாது. 1894ஆம் ஆண்டில் நில அளவையாளர் ஒருவர் அந்த உச்சியருகில் செங்கல்லும் கல்லும் கொண்ட சதுர மேடைகளைக் கண்டார். மேகத்துக்குள் அமைந்த அந்த வழிபாட்டிடத்தை நாம் காண முடியாது. அதற்குக் கீழே விடுதியருகில் உள்ள பார்வை மேடையே நமக்கு உச்சி.

அங்கே நின்று பாருங்கள். வடக்கே யான் வயல்கள் கண்ணுக்கு எட்டியவரை. தெற்கே மெர்போக் ஆறு சதுப்பு மரக்காட்டுக்குள் நெளிந்து கடலில் கலக்கிறது. வானம் தெளிந்தால் பினாங்குத் தீவும் தெரியும். கிழக்கே நம் குருண், தீப்பெட்டிகளை அடுக்கியது போல. 1941ஆம் ஆண்டு திசம்பர் 14, 15ஆம் நாள்களில் இம்மலைக்கும் சாலைக்கும் இடையே ஜப்பானியப் படையை எதிர்த்து நின்று தோற்ற பிரிட்டிஷ் படைப்பிரிவில் இந்தியப் போர்வீரர்கள் மிகுதி. அது தனியே எழுத வேண்டிய வரலாறு.

மலையிலிருந்து தெற்கே கைநீட்டி, "அங்கே பதினொன்றாம் எண் கோயில் இருந்தது," என்றேன். வேல்ஸ் எண்ணிட்டவற்றுள் அதுவும் ஒன்று. சுங்கை பத்து தோட்டத்தில் செங்கல் அடித்தளமாக எஞ்சியிருந்தது. தோட்ட நிலம் வீடமைப்புக்காகக் கைமாறியது. 2013ஆம் ஆண்டில் மண்வாரி இயந்திரம் அதனைத் தரைமட்டமாக்கியது. செய்தி வெளிவந்து நாடே பேசியபோது, அது தனியார் நிலம், மரபுடைமைச் சட்டத்தின்கீழ் அரசிதழில் பதிவு செய்யப்படவில்லை என்ற விளக்கம் கிடைத்தது. 2005ஆம் ஆண்டிலேயே சட்டம் இருந்தது, பதிவுதான் இல்லை.

அயலாரை மட்டும் குறை சொல்லிவிட முடியவில்லை. கடாரத்து மன்னன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய விகாரத்தின் கடைசிக் கோபுரம், இடிபாடாகவேனும் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் நின்றது. அதை 1867ஆம் ஆண்டில் அரசின் இசைவோடு இடித்துத் தள்ளினார்கள். இரு கரையிலும் ஒன்று.

அப்பதினொன்றாம் எண் கோயிலைச் சுற்றிப் பால்மரம் சீவியவர்களுள் நம்மவரும் இருந்தனர். தோட்டத்தில் வளர்ந்த முதியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: செங்கல் குவியல் இருந்ததும் தெரியும், சிறுவயதில் அதன்மேல் ஏறி விளையாடியதும் உண்டு, அது கோயில் என்று யாரும் தங்களுக்குச் சொன்னதில்லை. இதைக் கேட்டதிலிருந்துதான் ஆண்டுதோறும் மாணவர்களை அழைத்துச் செல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மாலை ஆறு மணிக்கு மேகம் இறங்கிப் பார்வை மேடையையே மூடிவிட்டது. வேனில் ஏறினோம். காலையில் வினா எழுப்பிய மாணவன் என் பக்கத்தில் வந்தமர்ந்து, வரைபடத்தை வாங்கி விரித்து, முப்பது எண்களுள் குருணுக்கு மிக அருகில் உள்ளது எது என்று தேடத் தொடங்கினான்.